சங்கு குளிக்கப் போனவர் நல்லபடியாக மேலே வர



கடற்கரையோரக் குழுக்களில் இப்போது கம்ப்ரசர் வாங்க, ஹோஸ் மாற்ற, முகக் கண்ணாடி வாங்க என்று கடன் மனுக்கள் வருகின்றன. கணவருக்காகக் கேட்கிறார்கள், மகனுக்காகக் கேட்கிறார்கள். வலைக்கும் வள்ளத்துக்கும் என்ஜினுக்கும் கடன் கொடுத்துப் பழகியவர்கள்தான் நாம். ஆனால் கம்ப்ரசர் கடன் அதுபோல் இல்லை. மற்ற தொழிலில் ஆள் தண்ணீருக்கு மேலே இருக்கிறார். இதில் ஆள் தண்ணீருக்கு அடியில் மூச்சு விடுகிறார். அங்கே உடம்புக்கு என்ன நடக்கிறது என்று தெரியாமலே பல வீடுகளில் காலை ஐந்து மணிக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்புகிறோம்.

எனவே இந்த மாதம் ஆழத்தில் முக்குளிப்பது பற்றிப் பார்ப்போம். நான் மருத்துவர் இல்லை, முக்குளிப்பவளும் இல்லை. முக்குளிப்புப் பயிற்சியில் உலகம் முழுவதும் சொல்லித் தரும் அடிப்படை விஷயங்களை, நமக்குப் புரிகிற மாதிரி தொகுத்திருக்கிறேன். படிக்கத் தெரிந்த சகோதரி குழுக் கூட்டத்தில் சத்தமாக வாசித்தால் நல்லது. வீட்டு ஆண்களையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

தாத்தா காலத்தில் இந்த வியாதி இல்லையே?

ஒரு கூட்டத்தில் வயதான அம்மா ஒருவர் கேட்டார்: "எங்க அப்பாவும்தான் முத்துக் குளிச்சாரு, சங்கு குளிச்சாரு. கை கால் இழுத்துக்கிட்டுப் படுத்ததில்லையே தாயி. இப்ப பிள்ளைங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?"

நல்ல கேள்வி. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு பல நூறு வருடமாக நடந்த தொழில். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அந்தக் காலத்தில் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். மேலே ஒருவர் கயிறு பிடித்திருப்பார். அந்தக் கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்கள், தங்கச்சி தாலிக்காகவாவது கவனமாக இழுப்பான் என்று கடற்கரையில் இன்றும் சொல்வார்கள்.

அவர்கள் இறங்கியது ஒரே ஒரு மூச்சை அடக்கிக்கொண்டு. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம், அவ்வளவுதான். இப்போது அப்படி இல்லை. சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டோ, வள்ளத்தில் உள்ள கம்ப்ரசரிலிருந்து ஹோஸ் வழியாகவோ கீழேயே காற்றை இழுத்து மூச்சு விடுகிறார்கள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் அடியில் இருக்க முடிகிறது. சங்கு கூடக் கிடைக்கிறது. புது வியாதியும் அந்த வழியில்தான் வந்தது.

தண்ணீருக்கு எடை இருக்கிறது

ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்தாலே கனம் தெரியும். கடலுக்குள் இறங்குகிறவர் தலைக்கு மேல் எத்தனை குடம் இருக்கும்? அந்த எடை உடம்பை எல்லாப் பக்கமும் அழுத்துகிறது. இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. கரையில் நம்மை அழுத்துவது காற்று மட்டும். அதை ஒரு பங்கு என்று வையுங்கள். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும், அதாவது சுமார் ஐந்தரை பாகத்துக்கு, இன்னொரு பங்கு கூடும். 10 மீட்டரில் இரண்டு பங்கு. 20 மீட்டரில் மூன்று பங்கு. 30 மீட்டரில் நான்கு பங்கு.

இதனால் மூன்று விஷயம் நடக்கிறது.

முதலாவது, காற்று சீக்கிரம் தீர்கிறது. மேலே ஒரு மணி நேரம் வரும் சிலிண்டர், 10 மீட்டரில் அரை மணி நேரம்தான் வரும். 20 மீட்டரில் இருபது நிமிடம். 30 மீட்டரில் பதினைந்து நிமிடம். மேலே பார்த்த மணிக் கணக்கைக் கீழே நம்பினால் மோசம் போவோம்.

இரண்டாவது, காற்று சுருங்குகிறது, மேலே வரும்போது விரிகிறது. 10 மீட்டர் ஆழத்தில் ஒரு பலூனை ஊதிக் கட்டி விட்டால், மேலே வரும்போது அது இரண்டு மடங்காகப் பெருத்துவிடும். நம் நுரையீரலும் ஒரு பலூன்தான். கீழே காற்றை இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டே மேலே வந்தால் நுரையீரல் கிழியும். காற்று ரத்தத்துக்குள் போய் மூளையில் அடைக்கும். இதற்குப் பெரிய ஆழம்கூட வேண்டாம், ஒரு ஆள் உயரத் தண்ணீரே போதும். அதனால்தான் பயிற்சியில் முதல் நாளே சொல்லும் பாடம்: ஒருபோதும் மூச்சை அடக்காதே, வெளியே விட்டுக்கொண்டே ஏறு. மூச்சடக்கிப் பழகிய பரம்பரைக்கு இந்தப் பாடம்தான் மிகவும் கஷ்டம்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். அதற்குக் கோலி சோடாவைப் பார்ப்போம்.

கோலி சோடா கணக்கு

மூடியிருக்கும் கோலி சோடாவில் குமிழி தெரியாது. உள்ளே வாயுவை அழுத்தி அடைத்திருப்பதால் அது தண்ணீரோடு கரைந்து கிடக்கிறது. கோலியை டப்பென்று அழுத்தியதும் பொங்கி வழிகிறது. அழுத்தம் சட்டென்று குறைந்ததால் கரைந்த வாயு குமிழியாக வெளியே வருகிறது. மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் பொங்காது.

நாம் இழுக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். மீதி பெரும்பாலும் நைட்ரஜன். கரையில் அது வருகிறது, போகிறது, ஒன்றும் செய்வதில்லை. ஆழத்தில் அழுத்தம் கூடியதும் நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கொழுப்பிலும் கரைந்து சேர்கிறது. எவ்வளவு ஆழமோ, எவ்வளவு நேரமோ, அவ்வளவு சேரும். மெதுவாக ஏறினால் அது மூச்சு வழியாகவே வெளியே போய்விடும். "சங்கு நிறைஞ்சுட்டுது, ஏறு" என்று ஒரேயடியாக மேலே வந்தால், உடம்பே திறந்த சோடா பாட்டில் ஆகிவிடும். மூட்டில் குமிழி வந்தால் தாங்க முடியாத வலி. முதுகுத் தண்டில் வந்தால் கால் விளங்காது, சிறுநீர் போகாது. மூளையில் வந்தால் மயக்கம், பேச்சுக் குளறல். ஆங்கிலத்தில் இதற்கு டிகம்ப்ரஷன் சிக்னஸ் என்று பெயர். அழுத்தம் சட்டென்று குறைவதால் வரும் நோய் என்று அர்த்தம்.

ஒரே மூச்சில் போய் வந்த தாத்தாவுக்குக் கரைந்தது அந்த ஒரு மூச்சுக் காற்றுதான், அதுவும் கொஞ்ச நேரம். அதனால் அவருக்கு இது வருவது அபூர்வம். பேரன் கீழே உட்கார்ந்து நூற்றுக்கணக்கான மூச்சு இழுக்கிறான். அந்த அம்மா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

ஒரு பாலமும் ஒரு மனைவியும்

இந்த நோயை உலகம் முதலில் பெரிய அளவில் பார்த்தது கடலில் அல்ல, பாலம் கட்டிய இடங்களில். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் புரூக்ளின் பாலம் கட்டும்போது, ஆற்றின் அடியில் காற்றை அழுத்தி அடைத்த பெரிய பெட்டிக்குள் தொழிலாளிகள் இறங்கி மண் தோண்டினார்கள். வேலை முடிந்து வெளியே வந்ததும் பலர் வலியில் சுருண்டு விழுந்தார்கள். சிலர் இறந்தார்கள். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் என்பவருக்கும் 1872-இல் இந்த நோய் வந்து படுக்கையில் விழுந்தார்.

அதன் பிறகு அவர் மனைவி எமிலி ரோப்ளிங் கணவரிடம் கேட்டுக் கேட்டுப் பொறியியல் கணக்குகளைக் கற்றுக்கொண்டார். பத்து வருடத்துக்கு மேல் தினமும் வேலை நடக்கும் இடத்துக்கும் வீட்டுக்கும் நடந்து, உத்தரவுகளைக் கொண்டு போய் வேலையை நடத்தினார். 1883-இல் பாலம் திறந்தார்கள். இன்றும் அதில் வண்டி ஓடுகிறது. வீட்டில் ஒருவர் விழுந்தால் சுமை யார் தலைக்கு வருகிறது என்பது நமக்குத் தெரியாததல்ல.

அந்த நோய்க்குக் காரணம் நைட்ரஜன் குமிழி என்று பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி பால் பெர்ட் 1878-இல் எழுதினார். மேலே எப்படி ஏறினால் வராது என்று கண்டுபிடித்தது ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானியும் அவர் கூட்டாளிகளும். அவர்கள் சோதித்தது ஆடுகளை வைத்து. அழுத்தத்தில் வைத்த ஆட்டைச் சட்டென்று வெளியே விட்டால் அது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியது. படிப்படியாக, நிறுத்தி நிறுத்தி அழுத்தத்தைக் குறைத்தால் நன்றாக நடந்தது. 1908-இல் எந்த ஆழத்துக்கு எங்கே எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்ற அட்டவணையை வெளியிட்டார்கள். முக்குளிப்பவர் கையில் கட்டும் இன்றைய கம்ப்யூட்டர் வாட்சும் அந்த வழியில் வந்த கணக்கைத்தான் போடுகிறது.

முறையாகப் படிப்பவர் எப்படி ஆழம் போகிறார்?

சென்னை, புதுச்சேரி, அந்தமான் போன்ற இடங்களில் ஸ்கூபா பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே முதல் நாளே யாரையும் ஆழத்துக்கு விடுவதில்லை. பாடி என்ற உலகளாவிய பயிற்சி அமைப்பின் முறையில் முதல் படிப்பு முடித்தவர் 18 மீட்டர், அதாவது 10 பாகம் வரைதான் போகலாம். அடுத்த படிப்பை முடித்தால் 30 மீட்டர். ஆழத்துக்கென்றே தனியாக உள்ள படிப்பையும் முடித்தால் 40 மீட்டர். பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு அதுதான் எல்லை.

ஏன் இத்தனை படி? ஆழம் கூடக் கூட, இருக்கக்கூடிய நேரம் வேகமாகச் சுருங்குகிறது. அன்றைய முதல் இறக்கத்துக்கு அவர்கள் அட்டவணை சொல்லும் உச்ச நேரம் இது:

18 மீட்டரில் 56 நிமிடம்.
30 மீட்டரில் 20 நிமிடம்.
40 மீட்டரில் 9 நிமிடம்.

இது முதல் இறக்கத்துக்கு மட்டும். உடம்பில் தங்கிய நைட்ரஜன் முழுவதும் போகப் பல மணி நேரம் ஆகும். அதனால் இரண்டாவது, மூன்றாவது தடவை இறங்கும்போது நேரம் இன்னும் குறையும். நம் பிள்ளைகள் ஒரே நாளில் எத்தனை தடவை இறங்குகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்து, இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, புத்தி மந்தமாவது. சுமார் 30 மீட்டருக்குக் கீழே நைட்ரஜன் மூளையில் போதை மாதிரி வேலை செய்யும். சிலருக்கு அதற்கு முன்னாலேயே வரும். பயமே இல்லாமல் சிரிப்பு வரும், காற்று எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத் தோன்றாது. சில மீட்டர் மேலே ஏறினால் தெளிந்துவிடும். கூட ஒருவர் இருந்தால்தான் கையைப் பிடித்து மேலே அழைத்து வர முடியும். தனியாக இறங்காதே என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பயிற்சியில் சொல்லித் தரும் பழக்கங்களில் முக்கியமானவை:

1. சளி, காதடைப்பு இருந்தால் அன்று இறங்கக் கூடாது. காது அடைத்தால் வலியைத் தாங்கிக்கொண்டு மேலும் கீழே போகக் கூடாது.
2. அன்றைக்கு மிக ஆழமான இடத்துக்கு முதலில் போக வேண்டும். அடுத்தடுத்து இறங்குவது ஆழம் குறைந்த இடமாக இருக்க வேண்டும்.
3. ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டர், அதாவது ஐந்து பாகத்தைத் தாண்டக் கூடாது. நாம் விடும் சின்னக் குமிழியை முந்திக்கொண்டு ஏறவே கூடாது.
4. மேலே வருவதற்கு முன் 5 மீட்டரில் மூன்று நிமிடமாவது கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கயிற்றில் அந்த இடத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டி வைத்தால் போதும், செலவே இல்லை. ஆனால் நேர எல்லையைத் தாண்டியவருக்கு இந்த மூன்று நிமிடம் போதாது, அட்டவணை சொல்லும்படி இன்னும் நிற்க வேண்டும்.
5. காற்று முழுவதும் தீரும் வரை இருக்கக் கூடாது. மெதுவாக ஏறவும் நிற்கவும் காற்று மிச்சம் வேண்டும்.
6. முந்தின இரவு குடித்தவர் இறங்கக் கூடாது. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்.
7. முக்குளித்த பிறகு ஒரு நாள் முழுக்க விமானத்திலோ, கொடைக்கானல் மாதிரி மலைக்கோ போகக் கூடாது. அங்கே காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் குமிழி வரும்.

கம்ப்ரசரில் உள்ள கூடுதல் ஆபத்து

ஸ்கூபா சிலிண்டரில் காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்ட மீட்டர் இருக்கிறது. சிலிண்டர் சீக்கிரம் தீர்வதும் ஒரு வகையில் பாதுகாப்புதான், ஆளை மேலே வரச் சொல்லும். கம்ப்ரசர் அப்படி இல்லை. டீசல் இருக்கும் வரை காற்று வரும். அதனால் நேரம் போவது தெரியாமல் அடியிலேயே இருந்துவிடுகிறார்கள்.

மறுபக்கம், என்ஜின் நின்றால், ஹோஸ் மடங்கினால், பெல்ட் அறுந்தால், காற்றும் அந்த நிமிடமே நின்றுவிடும். பதறி ஒரே மூச்சில் மேலே வருவார்கள். அப்போதுதான் நுரையீரலும் கிழிகிறது, குமிழியும் பொங்குகிறது. இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு சின்ன சிலிண்டர் தனியாக இருந்தால் பதறாமல் ஏறலாம்.

அடுத்தது புகை. என்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கிறது. அதற்கு வாசனை கிடையாது. கம்ப்ரசர் காற்றை உறிஞ்சும் வாய் புகைக்குழாய்ப் பக்கத்தில் இருந்தால், காற்று அந்தப் பக்கம் அடித்தால், புகை நேராகக் கீழே இருப்பவர் நுரையீரலுக்குப் போகும். ஆழத்தில் விஷத்தின் வேகம் இன்னும் கூடும். தலைவலி, மயக்கம், அங்கேயே உயிர் போகலாம். டயருக்குக் காற்றடிக்கவும் பெயின்ட் அடிக்கவும் செய்த கம்ப்ரசர்களில் எண்ணெய் ஆவியும் கலந்து வரும். மனிதர் மூச்சு விடுவதற்கென்று செய்த கம்ப்ரசரும் ஃபில்டரும் வேறு.

வீட்டில் நாம் கவனிக்க வேண்டியது

பெரும்பாலும் கரைக்கு வந்து ஒரு சில மணி நேரத்துக்குள் அறிகுறி தெரியும். சிலருக்கு ஒரு நாள் வரை ஆகும். அப்போது பக்கத்தில் இருப்பது நாம்தான். தோள், முழங்கை, முட்டியில் கடுமையான வலி. தோலில் அரிப்பு, திட்டுத் திட்டாக நிறம் மாறுவது. கை கால் மரத்துப் போவது, நடை தள்ளாடுவது. சிறுநீர் போகாமல் இருப்பது. காரணமில்லாத அசதி, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி. இதில் எது வந்தாலும் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

"வாயுப் பிடிப்பு, தைலம் தேய்ச்சா சரியாயிரும்" என்று சொல்லாதீர்கள். ஒத்தடம் கொடுத்து, உருவிவிட்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். வலி மறக்கக் குடிக்க விடாதீர்கள். "மறுபடி கடல்ல இறங்கினா வலி போயிரும்" என்று சிலர் சொல்வார்கள். கீழே போனால் குமிழி சுருங்கி வலி குறைவது உண்மைதான். ஆனால் மேலும் நைட்ரஜன் ஏறும், மேலே வரும்போது முன்னைவிட மோசமாகும். விடவே விடாதீர்கள்.

உடனே செய்ய வேண்டியது: மல்லாக்கப் படுக்க வையுங்கள். 108-ஐக் கூப்பிட்டு, "கடல்ல முக்குளிச்சு வந்தவரு, ஆக்சிஜன் வேணும்" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். நினைவு இருந்தால், வாந்தி இல்லாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். எவ்வளவு ஆழம், எத்தனை தடவை, எவ்வளவு நேரம், எப்போது மேலே வந்தார், வலி எப்போது ஆரம்பித்தது, இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். எதையும் மறைக்க வேண்டாம்.

இதற்கு முழு சிகிச்சை ஹைபர்பேரிக் சேம்பர் என்ற அழுத்த அறை. அதற்குள் வைத்து மறுபடி அழுத்தம் கொடுத்து, ஆக்சிஜன் கொடுத்து, மெதுவாகக் குறைப்பார்கள். இது எல்லா ஊரிலும் இல்லை, கடற்படை மருத்துவமனைகளிலும் பெரிய நகரங்களின் சில மருத்துவமனைகளிலும்தான் இருக்கிறது. ஆபத்து வந்த பிறகு தேடக் கூடாது. நம் மாவட்டத்திலிருந்து எங்கே அனுப்புவார்கள் என்று அரசு மருத்துவமனையில் இப்போதே கேட்டு, கூட்டமைப்பு அலுவலகச் சுவரில் எழுதி வைப்போம்.

வலி தானாகப் போனாலும் விட்டுவிட முடியாது. வருடக் கணக்கில் இப்படி முக்குளித்தவர்களுக்கு இடுப்பு மூட்டிலும் தோள் மூட்டிலும் எலும்பு செத்துப் போவது உண்டு. நாற்பது வயதில் படி ஏற முடியாமல் உட்கார்ந்துவிடுவார்கள். கடன் தவணை மட்டும் நிற்காது.

கடன் மனு வரும்போது

கடனே கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வேறு பிழைப்பு இல்லாத வீடுகளும் இருக்கின்றன. ஆனால் மாடு வாங்கக் கடன் கேட்டால் பல்லைப் பார்க்கிறோம், மடியைப் பார்க்கிறோம். இதற்கும் ஐந்து கேள்வி கேட்கலாம்:

1. கம்ப்ரசர் மூச்சுக் காற்றுக்கென்று செய்ததா? ஃபில்டர் எப்போது மாற்றினார்கள்? காற்று உறிஞ்சும் வாய் புகையிலிருந்து தள்ளி, மேலே இருக்கிறதா?
2. என்ஜின் நின்றால் மேலே வர மாற்றுக் காற்று இருக்கிறதா?
3. கீழே இருப்பவருக்கு ஆழம் காட்டும் மீட்டர், வாட்ச் இருக்கிறதா? வள்ளத்தில் நேரம் குறிக்க ஒருவர் உண்டா?
4. இறங்குபவர் பயிற்சி எடுத்தவரா? டாக்டரிடம் காட்டினாரா? வலிப்பு, ஆஸ்துமா, இருதய நோய் உண்டா?
5. எதற்காக இறங்குகிறார்? 2001-லிருந்து கடல் அட்டை பிடிப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அதற்குக் குழுப் பணம் போகக் கூடாது.

கம்ப்ரசருக்குக் கேட்ட தொகையோடு மீட்டருக்கும் சின்ன சிலிண்டருக்கும் சேர்த்தே மனு எழுதச் சொல்லுங்கள். தொகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. தீர்மானப் புத்தகத்தில் இந்த ஐந்தையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "ஆம்பளைங்க தொழில்ல பொம்பளைங்க ஏன் கேள்வி கேக்குறீங்க" என்று யாராவது சொன்னால், "தவணை கட்டுறது நாங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுறதும் நாங்க" என்று சொல்லுங்கள். அன்று மச்சான் பிடித்த கயிறு இன்று நம் குழுவின் கையிலும் இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் பேச

நம் குழு உறுப்பினர் வீடுகளில் முக்குளிப்பவர் எத்தனை பேர்? மேலே வந்த பிறகு மூட்டு வலி என்று படுத்தவர் யார் யார்? நம் ஊர்க் கரையில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் வைக்க யாரிடம் மனு கொடுக்கலாம்? இந்த மூன்றுக்கும் பதில் எழுதி, மாத இறுதிக்குள் கூட்டமைப்புக்கு அனுப்புங்கள். எல்லா ஊரிலிருந்தும் கணக்கு வந்தால், மீன்வளத் துறையிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் பயிற்சி முகாம் கேட்டுச் சேர்ந்து போகலாம்.

இன்று இரவே ஒன்று செய்யலாம். சாப்பாடு போடும்போது, "ஏறும்போது மெதுவா ஏறுங்க, மூச்சை அடக்காதீங்க, சிவப்புத் துணிகிட்ட மூணு நிமிஷம் நில்லுங்க" என்று வீட்டில் சொல்லுங்கள்.